பிளேசர் பேடில் கை வைக்கும் முன்

எனக்குத் தோள் கொஞ்சம் அகலம். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிதல் போட்டிக்குப் போன காலத்தில் அது பெருமையாக இருந்தது. புடவை, சுடிதார் என்று ஓடிக்கொண்டிருந்தவரை அதைப் பற்றி நினைக்கவே தேவை வரவில்லை. வேலை மாறியபோதுதான் வந்தது. புது அலுவலகத்தில் வாடிக்கையாளர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பிளேசர் போட வேண்டும் என்பது எழுதாத விதி. கடை கடையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தோளில் ஒரு விரல் பருமனுக்கு பேட் இருந்தது, தோளைத் தூக்கிக் காட்ட உள்ளே வைக்கிற பஞ்சுத் திண்டு. ஏற்கெனவே அகலமான தோளின் மேல் அதுவும் ஏறினால் எப்படி இருக்கும்? ட்ரையல் ரூம் கண்ணாடியில் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. கடைப் பெண் மட்டும் சளைக்கவில்லை. "பேடை எடுத்துடலாம் மேடம், எந்த டெய்லர்கிட்ட குடுத்தாலும் அஞ்சு நிமிஷ வேலை" என்றார். இடுப்பும் நீளமும் அளவெடுத்தது மாதிரி பொருந்தியதால் அந்தக் கருநீல பிளேசரை 2,900 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன்.

அந்த "அஞ்சு நிமிஷ வேலை" எனக்கு அந்த பிளேசரையே தின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட் எடுப்பதைப் பற்றித் தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. கோட் தைக்கும் மாஸ்டர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் போய் நிற்பது பிளவுஸ், சுடிதார் ஆல்டரேஷன் செய்கிற கடையில். அவர்கள் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு அன்றாடம் பார்க்கிற விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

நான் கொடுத்த கடையில் 350 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் மாலை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது, அது உண்மை. கூடவே வேறு எல்லாமும் இறங்கியிருந்தது. காலர் பக்கத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக இரண்டு பக்கமும் மடிப்பு விழுந்தது. கையின் மேல்பக்கம், தோளோடு சேரும் இடத்தில், உள்ளே காற்றுப் போன மாதிரி ஒரு குழி. கை நீளம் கட்டைவிரல் முட்டி வரைக்கும் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட மோசம், கையைத் தூக்கினால் கோட் முழுதும் கையோடு சேர்ந்து மேலே வந்தது. உள்ளே பார்த்தால் லைனிங்கைத் தோள் ஓரத்தில் கத்தரியால் நேராக வெட்டி, பேடை உருவிவிட்டு, மேலேயே மெஷின் ஓட்டியிருந்தார்கள். தையல் சில இடத்தில் வெளித்துணியையும் பிடித்திருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பேட் இல்லாட்டி அப்படித்தான் மேடம் நிக்கும், நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க" என்று பதில் வந்தது. பேடாவது கொடுங்கள் என்றால், அது குப்பைக்குப் போய்விட்டது.

அந்த வாரம் ஒரு முக்கியமான கூட்டம் இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேசும்போது கையை ஆட்டிப் பேசுவது என் பழக்கம். ஒவ்வொரு தடவை கை எழும்போதும் கோட் எழுந்து காது வரை வர, நான் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். பாதியில் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அழுகை வராத குறை. ஒரு துணிக்காக இப்படியா என்று தோன்றும், ஆனால் நம் உடம்பைப் பற்றியே கொஞ்சம் கூச்சம் இருக்கும்போது அது துணிப் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, கல்யாண கோட்டு சூட்டு தைக்கிற வயதான மாஸ்டர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே கையை விட்டு ஒரு நிமிடம் தடவிப் பார்த்தவர், "கையைக் கழட்டி, தோளை இறக்கி, திரும்ப ஏத்தணும். ஆயிரத்து எண்ணூறு ஆவும். இந்தத் துணிக்கு அவ்ளோ போடணுமாம்மா?" என்றார். அதுதான் நான் கேட்ட முதல் நேர்மையான பேச்சு. போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "பேட் மேல கோட்டை வெட்டறதும்மா. கோட் மேல பேடை வெக்கறது இல்ல."

இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாம் நினைப்பது, கோட் தனியாகத் தைத்து, அழகுக்காகக் கடைசியில் ஒரு பஞ்சுத் திண்டை உள்ளே செருகுகிறார்கள் என்று. அப்படியில்லை. துணி வெட்டும்போதே பேடின் உயரத்தைக் கணக்கில் வைத்து, தோளின் வெளிமுனையை அந்த அளவுக்கு உயர்த்தித்தான் வெட்டுகிறார்கள். பேட் ஒரு செண்டிமீட்டர் பருமன் என்றால் தோள் முனையில் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத் துணி கூடுதலாக இருக்கிறது. தாங்குகிற பேடை எடுத்ததும் அந்தக் கூடுதல் துணி எங்காவது போக வேண்டும். அதுதான் அக்குளை நோக்கி விழுகிற சாய்வு மடிப்பு. கைக்குழியும், அதாவது கோட்டில் கையை இணைக்கிற வட்டமும், அதே அளவு கீழே இறங்குகிறது, அதனால்தான் கையைத் தூக்கினால் கோட் கூடவே வருகிறது. என் கருநீல கோட்டில் நடந்த அத்தனையும் இந்த ஒரு காரணத்தின் பிள்ளைகள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் உடையில் இந்தத் தோள் பேட் 1930களில் எல்சா ஸ்கியாபரெல்லி போன்ற பாரிஸ் வடிவமைப்பாளர்கள் கையில் பிரபலமானது, 1980களில் அலுவலகத்துக்குப் போகும் பெண்களின் கோட்டுகளில் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. தோள் அகலமாகத் தெரிந்தால் இடுப்பு சிறுத்துத் தெரியும், ஆளுக்கு ஒரு மிடுக்கு வரும் என்பது கணக்கு. 1970களில் இத்தாலியில் ஜார்ஜியோ அர்மானி இதற்கு நேர் எதிராகப் போய், பேடையும் உள் விறைப்பையும் குறைத்துத் தொளதொளவென்று விழுகிற கோட்டுகளைச் செய்து பெயர் வாங்கினார். அவர் செய்தது இருக்கிற கோட்டிலிருந்து பேடை உருவுகிற வேலை இல்லை. தோள் அப்படி விழுவதற்கேற்ப வெட்டையே மாற்றினார். கடையில் பேட் இல்லாத பிளேசர் கிடைத்தால் நூறு இருநூறு கூடப் போனாலும் அதை வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, கெட்டது கெட்டுவிட்டது, இனி அதில் என்ன போகப்போகிறது என்று அந்தக் கருநீல கோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜை மேல் போட்டு முழுதாகப் பிரித்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, இருக்கறதையும் கிழிக்கறியா?" என்றார். அந்த ஒரு மதியம் கற்றுக்கொண்டதை எந்த வீடியோவிலும் கற்றிருக்க மாட்டேன். வெளித்துணிக்கு உள்பக்கம் விறைப்பான கேன்வாஸ் மாதிரி ஒரு துணி, மலிவான கோட்டுகளில் அது பசையால் இஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே, லைனிங்குக்கு மேலே, பேட் இருக்க வேண்டிய இடம். பேடின் தடித்த நேர் ஓரம் கைக்குழித் தையலைத் தாண்டி ஒரு செண்டிமீட்டர் அளவுக்குக் கைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே தையலுக்கு விட்ட துணியோடு சேர்த்து நீளநீளமான தளர்ந்த தையலால் பிடித்திருப்பார்கள். மெல்லிய வளைந்த ஓரம் கழுத்துப் பக்கம் போகும், அதைத் தோள் தையலில் ஓரிரு இடத்தில் மட்டும் லேசாகப் பிடித்திருப்பார்கள். இது இல்லாமல் கையின் தலைப்பில், கைக்குழி ஓரமாகவே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தனிப் பஞ்சுப் பட்டை உண்டு. கையின் மேல்பக்கம் உருண்டையாக நிற்பது அதனால்தான். பேடோடு ஒட்டியே இருப்பதால் பேடின் பாகம் என்று நினைத்து அதையும் பிடுங்கிவிடுவார்கள். என் கோட்டில் விழுந்த குழிக்கு அதுதான் காரணம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பேட் போனாலும் அந்தப் பட்டை போகக் கூடாது.

கொஞ்ச நாள் கழித்துச் சாம்பல் நிறத்தில் இன்னொரு பிளேசர் வாங்கினேன், தள்ளுபடியில் 2,200. இந்தத் தடவை வாங்குவதற்கு முன்பே தோளைச் சோதித்தேன். தோள் எலும்பின் முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். கோட்டின் தோள்–கை சேரும் தையல் அந்த எலும்பு முனை மேலேயோ, அதற்கு அரை விரல் உள்ளேயோ இருந்தால் பேடைக் குறைத்தாலும் கோட் தாங்கும். தையல் எலும்பைத் தாண்டி வெளியே நின்றால் அந்தக் கோட் உங்களுக்குப் பெரிது, பேட்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்தால் மூட்டை மாதிரி விழும், வாங்காதீர்கள். அப்புறம் தோள் முனையில் பேடைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்துப் பருமன் பாருங்கள். அரை செண்டிமீட்டருக்குள் இருந்தால் மொத்தமாக எடுத்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஒரு செண்டிமீட்டரைத் தாண்டினால் எடுப்பதை மறந்துவிட்டு பேடை மெல்லிசாக்குவதைப் பற்றி யோசியுங்கள். மெல்லிசான, தளர்ந்து விழுகிற துணி மன்னிக்கும். விறைப்பான துணி, கட்டம் போட்டது, கோடு போட்டது மன்னிக்காது, மடிப்பு விழுந்தால் கோடு வளைந்து ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

கருவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தையல் பிரிக்கிற சீம் ரிப்பர் ஒன்று, தையல் சாமான் கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நம் டெய்லர்கள் பிளேடில் சரசரவென்று பிரிப்பதைப் பார்த்து நாமும் பிளேடை எடுக்கக் கூடாது, அவர்கள் கைக்கு அது முப்பது வருடப் பழக்கம். ஊசி, துணி நிறத்திலும் லைனிங் நிறத்திலும் நூல், குண்டூசி, சாக்பீஸ், நல்ல வெளிச்சம். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ராத்திரி டியூப் லைட்டில் பிரிக்க உட்காராதீர்கள், பகலில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். போன் பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். திரும்பத் தைக்கும்போது நினைவை நம்ப முடியாது.

உள்ளே போகிற வழிதான் முக்கியம். தோளில் லைனிங்கை வெட்டவே கூடாது. ரெடிமேட் பிளேசர்களில் தொழிற்சாலையே நமக்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. லைனிங் சேர்த்துத் தைத்த கோட்டைக் கடைசியில் உள்வெளியாகத் திருப்ப ஒரு வழி வேண்டும், அதற்குக் கை லைனிங்கின் நீளத் தையலில் ஒரு சாண் அளவுக்குத் திறந்து விட்டு, திருப்பிய பிறகு மேலாக மெஷின் போட்டு மூடியிருப்பார்கள். கோட்டை உள்பக்கம் திருப்பிக் கை லைனிங்கை ஓரமாகத் தடவிக்கொண்டே போங்கள். மற்ற இடங்களில் தையல் உள்ளே மறைந்திருக்கும், ஓர் இடத்தில் மட்டும் ஓரத்தை ஒட்டி வெளியே தெரிகிற மாதிரி ஓடும். அதுதான் கதவு. என் சாம்பல் பிளேசரில் இடது கையில் முழங்கைக்குச் சற்று மேலே இருந்தது. பெரும்பாலும் ஒரு கையில்தான் இருக்கும், மறு பக்கத்துக்கு அதே இடத்தில் உள்தையலை நீங்களே ஒரு சாண் பிரித்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம், லைனிங் தையல், வெளியே தெரியாது. தையல் பிரிப்பது மட்டும்தான் நம் வேலை, துணியை எங்கேயும் வெட்டுவதில்லை. இதை வேலை முடிகிறவரை மந்திரமாகச் சொல்லிக்கொண்டேன்.

டெய்லர் தைத்த கோட்டில் இந்தக் கதவு இருக்காது. அதில் கைக்குழியைச் சுற்றி லைனிங்கைக் கையால் ஹெம்மிங் செய்திருப்பார்கள், சின்னச் சின்னச் சாய்ந்த தையலாகத் தெரியும். அங்கே மேல் பாதியை மட்டும் பிரித்தால் பேட் நேராகக் கைக்கு வரும். இது ரெடிமேடைவிட சுலபம்.

ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தால் தோளின் உள்பக்கம் அப்படியே உருண்டு வெளியே வந்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது குடலை உருவிவிட்டோமோ என்று திக்கென்றிருக்கும், ஒன்றும் ஆகாது. வெள்ளை பேட், அதன் ஓரமாக நீளமான வெள்ளைத் தையல்கள். நிறுத்துங்கள், இங்கே படம் எடுங்கள். அப்புறம் தோள் தையல் பேடின் மேல் எந்த இடத்தில் ஓடுகிறதோ அங்கே பேடில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முன்பக்கம் பின்பக்கம் சமமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள், பல பேடில் இருக்காது. இடது, வலது என்றும் எழுதிவிடுங்கள்.

பிரிக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது நூலைப் பார்த்தாலே தெரியும். பேடைப் பிடித்திருக்கிற தையல் நீளமாக, தளர்வாக, விரலால் தூக்கினால் எழும். கைக்குழித் தையல் பொடிப்பொடியாக, இறுக்கமாக இருக்கும். அதில் இரண்டு கண்ணி போனாலும் கை பிரிந்துகொண்டே போகும். ரிப்பரைத் தள்ளிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு தையலாகத் தூக்கித் தூக்கி வெட்டுங்கள். லைனிங்கையும் தோளையும் சேர்த்து ஒரு சின்ன நாடாவோ நூல் கட்டோ பிடித்திருக்கும். அதை வெட்டினால் லைனிங் நழுவிக் கைக்குள் சுருண்டு வரும், அதை விட்டுவிடுங்கள்.

இப்போது யாரும் எனக்குச் சொல்லாத, நானாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்ட ஒன்று. ஒரு பக்கத்து பேடை மட்டும் எடுத்துவிட்டு, மூடாமல், அப்படியே கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு தோளில் பேட், ஒரு தோளில் இல்லை. எவ்வளவு இறங்குகிறது, மடிப்பு விழுகிறதா, கையைத் தூக்கினால் என்ன ஆகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். எனக்குப் பேட் இல்லாத பக்கம் மடிப்பு விழுந்தது, கருநீலத்தில் விழுந்த அதே மடிப்பு. வயிறு கலங்கியது. ஆனால் இந்தத் தடவை பேட் என் கையில் இருந்தது.

அந்த பேடைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. ரெடிமேட் பேடில் பெரும்பாலானவை இப்படித்தான், மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றைவிட ஒன்று சிறியதாக அடுக்கி, ஊசியால் குத்தியோ நாலு தையல் போட்டோ சேர்த்திருப்பார்கள். மேலேயும் கீழேயும் இருக்கிற பெரிய தகடுகளை விட்டுவிட்டு, நடுவில் இருக்கிற சின்னத் தகடுகளை விரலால் மெதுவாகப் பிரித்து உருவினேன். ஒரு தகடு எடுத்து, பேடைத் திரும்ப உள்ளே வைத்து இரண்டு குண்டூசி குத்திப் போட்டுப் பார்ப்பது, அப்புறம் இன்னொன்று. ஓரிடத்தில் வந்து நின்றது: தோள் என் தோளாகத் தெரிந்தது, மடிப்பும் விழவில்லை. மீதி இருந்தது முதலில் இருந்ததில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். பேட் வேண்டும், இவ்வளவு வேண்டாம்.

ஸ்பாஞ்சில் செய்த பேடாக இருந்தால் தகடு பிரியாது, கத்தரித்தால் ஓரம் படிக்கட்டு மாதிரி வெளித்துணியில் தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய பஞ்சு பேட் ஒரு ஜோடி வாங்கி வைப்பதே மேல். சென்னையில் சௌகார்பேட்டைப் பக்கம் தையல் சாமான் விற்கிற கடைகளில் பல பருமனில் கிடைக்கிறது, நான் வாங்கியது ஜோடி 50 ரூபாய். பெண்கள் கோட்டுக்கு மெல்லிசு என்று கேளுங்கள், சும்மா பேட் என்று கேட்டால் ஷெர்வானிக்கு வைக்கிற தடித்த பேடைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

திரும்பத் தைக்கும்போது பேடை மேஜையில் தட்டையாக வைத்துத் தைக்கக் கூடாது. தோள் வளைவானது. பேடைக் கையில் வைத்துத் தோள் மேல் கிடப்பது மாதிரி வளைத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும், இல்லையென்றால் வெளித்துணி சுருங்கி இழுக்கும். சாக்பீஸ் கோட்டைத் தோள் தையலோடு பொருத்தி, தடித்த ஓரத்தைக் கைப்பக்கம் தையல் துணியின் ஓரத்தோடு சமமாக வைத்து, முதலில் குண்டூசி. பிறகு இரட்டை நூலில் நீளமான தளர்ந்த தையல். நூலை இறுக்கி இழுத்தால் வெளியே புள்ளி புள்ளியாகக் குழி விழும். கழுத்துப் பக்க முனையில் தோள் தையலின் உள்துணியில் மட்டும் ஒரு பிடி, வெளித்துணியை ஊசி தொடவே கூடாது. மறு பக்கத்திலும் எண்ணி அதே தகடுகளை எடுத்தேன். இதில் கவனம் சிதறினால் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி நிற்கும். லைனிங் ஓட்டையை மூடும்போது இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சேர்த்து ஓரத்தை ஒட்டி மெஷினில் ஓட்டிவிட்டேன். மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே நெருக்கமாகத் தைக்கலாம், கைக்குள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?

கடைசியாக இஸ்திரி. குளிக்கிற துண்டை இறுக்கச் சுருட்டித் தோளின் உள்ளே வைத்து, மேலே ஈரம் பிழிந்த பருத்தித் துணியைப் போட்டு, பெட்டியை அழுத்தி எடுத்து அழுத்தி எடுத்து வைக்க வேண்டும். தேய்த்து இழுத்தால் தோள் நீண்டுவிடும். ஈரத் துணி இல்லாமல் நேராக வைத்தால் பாலியெஸ்டர் கலந்த துணி பளபளவென்று மின்ன ஆரம்பிக்கும், அந்த மினுக்கு திரும்பப் போகாது. ஆறுகிறவரை துண்டை எடுக்காதீர்கள். மொத்த வேலைக்கும் ஒரு முழு நாள் போனது. பழகியவர் கைக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம்.

இவ்வளவும் லைனிங் வைத்த கோட்டுக்கு. லைனிங் இல்லாத டாப், பின்னலாடை, சில குர்த்திகளில் பேட் கண்ணெதிரே தெரியும், துணி உறை போட்டுத் தோள் தையலில் இரண்டு மூன்று இடத்தில் பிடித்திருப்பார்கள். அவற்றில் பேட் ஒப்புக்குத்தான் இருக்கிறது, துணி பேட் இல்லாமலும் நன்றாக விழும், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். வெல்க்ரோவில் ஒட்டியிருந்தால் துவைக்கும்போதாவது கழற்றிவிடுங்கள், நம் ஊர் வேர்வையில் அது வாரக்கணக்கில் ஊறுகிறது. சித்தியின் பழைய டாப் ஒன்றில் ஸ்பாஞ்ச் பேட் இருந்தது. பிரித்ததும் மஞ்சள் பொடியாக மடியெல்லாம் கொட்டியது. பழைய ஸ்பாஞ்ச் எல்லாம் அப்படித்தான் மக்கிப் போகிறது. அந்த மாதிரியைச் செய்தித்தாள் விரித்து, முடிந்தால் மொட்டை மாடியில் பிரியுங்கள்.

தோல் ஜாக்கெட்டைத் தொடாதீர்கள், ஊசி ஓட்டை மூடாது. வாடகை கோட்டையும் தொடாதீர்கள், முன்பணம் போய்விடும். ஆண்கள் கல்யாண சூட்டில் கையின் தலைப்பு கயிறு வைத்தது மாதிரி எழும்பி நின்றால் அது பேடை நம்பியே எழுப்பியது, கோட் மாஸ்டரிடம்தான் போக வேண்டும். கடையில் கொடுப்பதாக இருந்தால் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: பேடை மட்டும் உருவுவீர்களா, தோளையும் இறக்கித் தருவீர்களா? எந்த வழியாக உள்ளே போவீர்கள்? "கையைக் கழட்டணும்" என்று சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர், விலையும் கூடக் கேட்பார். "நின்னுட்டே வாங்கிட்டுப் போங்க" என்பவரிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எடுத்த பேடைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

கருநீல கோட்டுக்குச் சௌகார்பேட்டையில் வாங்கிய மெல்லிய பேடை வைத்து, கைத்தலைப்புக்கு அந்தப் பஞ்சுப் பட்டை தனியாகக் கிடைக்காததால் சாம்பல் பிளேசரில் உருவிய தகடுகளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துத் தைத்தேன். குழி போய்விட்டது, மடிப்பும் பெரும்பாலும் போய்விட்டது. கத்தரி போட்ட லைனிங்கில் ஓர் ஒட்டு இருக்கிறது, வெளித்துணியில் மெஷின் பிடித்த இடத்தில் ஊசித் தடம் இன்னும் தெரிகிறது. கூட்டத்துக்குப் போட முடியாது. ஆபீஸ் ஏசி குளிருக்கு நாற்காலியில் மாட்டி வைத்திருக்கிறேன், தினம் யாராவது ஒருத்தர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.